ஏறலாமா, ஏறக்கூடுமா? குளிர்கால வானமும் முன்னறிவிப்பின் தமிழும்



இன்றைய உரைக்கு நாம் எடுத்துக்கொண்ட பொருள் உங்களுள் சிலருக்கு வியப்பைத் தந்திருக்கும். குளிர்காலம் என்பதையே அறியாத நிலநடுக்கோட்டுப் பகுதியில் அமர்ந்துகொண்டு, பனி மூடிய மலைகளின்மேல் பறக்கும் கிளைடர் விமானிகளுக்கான வானிலை முன்னறிவிப்பைப் பற்றித் தமிழில் பேசுவானேன் என்று நீங்கள் கேட்கலாம். ஒரு மொழி எவ்வளவு துல்லியமாகப் பேசவல்லது என்பதை அறிய, தவறாகச் சொன்னால் உடனே விலை கொடுக்க நேரும் ஒரு துறையில் அம்மொழியை வைத்துப் பார்க்க வேண்டும். கிளைடர் விமானி அத்தகைய துறையில் இருப்பவர். எதிர்பார்த்த காற்று கிடைக்காவிட்டால் பொறியை முடுக்கித் திரும்பிவிடும் வழி பெரும்பாலும் அவருக்கு இல்லை. காலையில் அவர் படித்த சில வரிகளை நம்பியே மேலே செல்கிறார்.

அறிவியல் தமிழ் என்றதும் நாம் கலைச்சொற்களையே நினைக்கிறோம். பெயர்ச்சொற்களை ஆக்குவதில் தமிழுலகம் நூறாண்டுகளாகப் பெரும் உழைப்பைச் செலுத்தியுள்ளது. அவ்வுழைப்பைப் போற்றுகிறோம். ஆயினும், முன்னறிவிப்பில் இடர் தங்கியிருக்கும் இடம் பெயர்ச்சொல்லைவிட வினைமுற்றே என்பது நம் கருத்து. 'வீசும்', 'வீசலாம்', 'வீசக்கூடும்' என்னும் மூன்றும் ஒன்றல்ல. அந்த வேறுபாட்டைக் காட்டவே குளிர்கால வானத்துக்கு உங்களை அழைத்துச் செல்கிறோம்.

1. பொறியின்றி ஏறும் வழிகள்

கிளைடர் தன்னைச் சூழ்ந்த காற்றினூடே எப்போதும் கீழ்நோக்கியே சறுக்குகிறது. அக்காற்று, கிளைடர் இறங்கும் வேகத்தைவிட விரைவாக மேலெழுந்தால் மட்டுமே கிளைடர் உயரம் பெறும். இக்காலத்து நல்ல கிளைடர் ஒன்று அசைவற்ற காற்றில் 1 கிலோமீட்டர் உயரத்தை இழப்பதற்குள் 40 கிலோமீட்டர் தொலைவைக் கடந்துவிடும். எனவே விமானியின் கலை என்பது மேலெழும் காற்று எங்கே இருக்கிறது என்பதை அறிந்து அங்கே சென்று சேர்வதுதான்.

மேலெழும் காற்று முதன்மையாக மூன்று வகைப்படும். முதலாவது வெப்ப எழுகாற்று. வெயிலில் காய்ந்த நிலம் தன்மேல் உள்ள காற்றைச் சூடாக்க, அது தூண்போல் எழுகிறது. எழும் உலர்ந்த காற்று ஒவ்வொரு கிலோமீட்டருக்கும் ஏறத்தாழ 10 பாகை செல்சியஸ் குளிர்கிறது. சுற்றியுள்ள காற்றைவிட அது வெப்பமாக இருக்கும்வரை ஏறிக்கொண்டே இருக்கும். இது கோடையின் கொடை. குளிர்காலத்தில் இது வற்றிவிடுகிறது. டிசம்பர் பிற்பகுதியில் லண்டன் நகரில் நண்பகலில்கூடச் சூரியன் அடிவானத்திலிருந்து 15 பாகை உயரத்தையே எட்டுகிறது. பகற்பொழுது 8 மணி நேரத்துக்கும் குறைவு. நிலத்தின்மேல் பனி படர்ந்திருந்தால் வந்த வெயிலிலும் பெரும்பகுதி திரும்பிப் போய்விடும்.

இரண்டாவது, சரிவு எழுகாற்று. நீண்ட மலைத்தொடரின்மேல் காற்று நேராக மோதும்போது, போக வேறு வழியின்றிச் சரிவின்வழியே மேலெழுகிறது. இதற்கு வெயில் தேவையில்லை. காற்றின் திசையும் வேகமும் இருந்தால் போதும். குளிர்காலத்தில் ஒரு குளிர் முகப்பு கடந்து சென்றபின், வட அமெரிக்காவின் அப்பலேச்சியன் மலைத்தொடர்மேல் வடமேற்கிலிருந்து வலுத்த காற்று வீசும். அந்நாள்களில் விமானிகள் மலைமுகட்டை ஒட்டியபடியே நெடுந்தொலைவு பறப்பர்.

மூன்றாவதே இன்றைய உரையின் நடுப்பொருள். அதற்கு மலையலை என்று பெயரிடுவோம்.

2. நிற்கும் அலை

ஓடையில் ஒரு பாறை மூழ்கியிருப்பதைப் பார்த்திருப்பீர்கள். பாறையைக் கடந்த நீர் அதன் பின்புறத்தில் ஏறியும் இறங்கியும் அலையலையாகச் செல்லும். அவ்வலைகள் ஓடையோடு ஓடிவிடுவதில்லை. அதே இடத்தில் நிற்கின்றன. நீர் மட்டும் அவற்றினூடே ஓடிக்கொண்டிருக்கிறது. மலையைக் கடக்கும் காற்றும் இவ்வாறே செய்கிறது. மலைமுகட்டுக்கு ஏறக்குறையச் செங்குத்தான திசையில் வலுவான காற்று வேண்டும். உயரம் செல்லச் செல்ல அக்காற்றின் வேகம் கூட வேண்டும், திசை பெரிதும் மாறக் கூடாது. மேலே தள்ளப்பட்ட காற்றை மீண்டும் கீழே இழுக்கும் நிலைத்த அடுக்கு ஒன்று முகட்டின் உயரத்தை ஒட்டி இருக்க வேண்டும். இவை கூடினால் மலையின் பின்புறத்தில் அலைகள் எழும். அவற்றின் மேலேறும் பகுதியில் கிளைடர் மலையைவிடப் பன்மடங்கு உயரம் செல்லும்.

குளிர்காலம் இங்கேதான் விமானிகளுக்கு நண்பனாகிறது. அக்காலத்தில் நிலநடுக்கோட்டுக்கும் துருவத்துக்கும் இடையேயான வெப்ப வேறுபாடு பெருகுகிறது. அதனால் உயர்வானின் ஜெட் காற்றோட்டம் வலுக்கிறது. வெயில் வலுவிழந்திருப்பதால் காற்றின் நிலைத்த அடுக்குகளும் எளிதில் கலைவதில்லை. கோடையில் 2,000 மீட்டருக்கு ஏங்கும் விமானி, குளிர்காலத்தில் 8,000 மீட்டர் உயரத்தில் உயிர்வளிக் குழாயோடு அமர்ந்திருப்பதன் காரணம் இதுவே.

இவ்வலையின் வரலாற்றில் மொழியாளர்களுக்கு இனிய செய்தி ஒன்று உண்டு. இன்று போலந்துக்கும் செக் நாட்டுக்கும் எல்லையாக நிற்கும் ரீசன்கெபிர்கே மலைத்தொடரின் பின்புறத்தில், தெற்கிலிருந்து காற்று வீசும் நாள்களில், அசையாத நீண்ட முகில் ஒன்று தோன்றும். அவ்வட்டார மக்கள் அதனை 'மோவாட்சகோட்டல்' என்றனர். காட்லீப் மோட்ஸ் என்னும் உழவர் அம்முகிலைக் கவனித்துச் சொன்னார் என்றும், அவர் பெயரே வட்டார வழக்கில் திரிந்து முகிலுக்கு ஆயிற்று என்றும் கூறுவர். 1933ஆம் ஆண்டில் வுல்ஃப் ஹிர்ட் என்னும் ஜெர்மானிய விமானி அம்முகிலின் முன்புறத்தில் மேலெழும் காற்றைக் கண்டு அதில் ஏறினார். தம் கிளைடருக்கும் அப்பெயரையே சூட்டினார். யோவாக்கிம் குட்னர் என்னும் அறிஞர் அவ்வலையை முறையாக ஆராய்ந்தார். ஓர் உழவரின் கூர்ந்த பார்வை வட்டாரச் சொல்லாகி, அச்சொல் அறிவியல் நூல்களிலும் இடம்பெற்றது. வட இங்கிலாந்தின் கிராஸ் ஃபெல் குன்றுகளில் வீசும் 'ஹெல்ம்' காற்றுக்கும் இத்தகைய வரலாறு உண்டு. ஊரார் நெடுங்காலமாகப் பெயரிட்டு அறிந்திருந்த அக்காற்றை, 1930களின் பிற்பகுதியில் கார்டன் மேன்லி என்னும் வானிலை அறிஞர் அளந்து, அதுவும் நிற்கும் அலையே என்று விளக்கினார்.

குட்னர் பின்னர் அமெரிக்கா சென்று, 1951, 1952ஆம் ஆண்டுகளில் கலிஃபோர்னியாவின் பிஷப் நகரை அடுத்து நடைபெற்ற சியெரா அலை ஆய்வுத் திட்டத்தில் பங்குகொண்டார். 1952 மார்ச் 19 அன்று லாரி எட்கர், ஹெரால்ட் கிளீஃபோர்த் ஆகிய இருவரும் அங்கே ஒரே கிளைடரில் 13,489 மீட்டர் உயரத்தை எட்டினர். 1961 பிப்ரவரி 25 அன்று பால் பைக்கிள் தனியொருவராக 14,102 மீட்டரை எட்டினார். அவருடைய கிளைடரில் காற்றழுத்தம் காக்கும் அறை இல்லை. தென்பாதிக் கோளத்தின் குளிர்காலம் முடியும் தறுவாயில், 2018 செப்டம்பர் 2 அன்று, அர்ஜென்டினாவின் எல் கலஃபாத்தேயிலிருந்து புறப்பட்ட பெர்லன் கிளைடர் 22 கிலோமீட்டருக்கும் மேலான உயரத்துக்குச் சென்றது. பொறியின் துணையின்றி, மலை எழுப்பிய அலையில் மிதந்தே இவ்வுயரங்கள் எட்டப்பட்டன.

அலையின் அடியில் இருப்பதையும் சொல்ல வேண்டும். மேலே காற்று பட்டுப்போல் வழுவழுப்பாக ஓடும்போது, கீழே முகட்டின் உயரத்தை ஒட்டிக் கிடைமட்ட அச்சில் உருளும் கொந்தளிப்பு உருவாகும். அதனை உருளைச்சுழல் எனலாம். 1955 ஏப்ரல் 25 அன்று, அதே சியெரா மலைப்பகுதியில், அதே லாரி எட்கரின் கிளைடர் உருளைச்சுழலில் சிக்கிப் பறக்கும்போதே சிதறியது. அவர் பாராசூட்டின் உதவியால் உயிர் தப்பினார். மலைக்காற்றின் வன்மை கிளைடர்களோடு நிற்பதில்லை. 1966 மார்ச் 5 அன்று தோக்கியோவிலிருந்து ஹாங்காங் நோக்கிப் புறப்பட்ட போயிங் 707 பயணிகள் விமானம் ஒன்று, தெளிந்த வானில், ஃபுஜி மலையின் அருகே கடுங்கொந்தளிப்பில் சிதறி, அதிலிருந்த 124 பேரும் மாண்டனர்.

3. 'நல்ல வானிலை' யாருக்கு?

இவ்வளவையும் கேட்டபின் 'நாளை நல்ல வானிலை' என்னும் தொடரை எண்ணிப் பாருங்கள். உயர் அழுத்தம் நிலைகொண்ட குளிர்கால நாள் ஒன்றில் காற்று அடங்கியிருக்கும். குடும்பத்தோடு உலாவச் செல்பவருக்கு அது நல்ல வானிலை. கிளைடர் விமானிக்கோ அது செத்த வானம். கீழே குளிர்ந்த காற்றும் மேலே வெப்பமான காற்றுமாக அடுக்கு தலைகீழாகிவிடுவதால், எழுகாற்று எழ முடியாது. பள்ளத்தாக்கில் மூடுபனி நாள் முழுதும் கலையாமல் கிடக்கும். மாறாக, ஊரார் கதவடைத்து வீட்டுக்குள் இருக்கும் பெருங்காற்று நாள், அலை தேடும் விமானிக்குத் திருநாள். 'நல்ல', 'மோசமான' என்னும் அடைமொழிகள் கேட்பவரைப் பொறுத்து மாறிவிடுகின்றன. வானின் நிலையைப்பற்றி அவை எதையும் சொல்வதில்லை.

எண்களிலும் இச்சிக்கல் உண்டு. கிளைடர் முன்னறிவிப்புகளில் வெப்ப எழுகாற்றின் வலுவைக் குறிக்கும் குறியீட்டெண் ஒன்று வழங்குகிறது. குறிப்பிட்ட உயரத்தில் சுற்றுக்காற்றின் வெப்பநிலையிலிருந்து, தரையிலிருந்து அங்கே ஏறிவரும் காற்றின் வெப்பநிலையைக் கழித்தால் வருவது அது. ஏறிவரும் காற்று வெப்பமாக இருந்தால் விடை கழித்தல் குறியோடு வரும். எனவே கழித்தல் 3 என்பது நற்செய்தி, கழித்தல் 8 அதனினும் நற்செய்தி. 'எதிர்மறை' என்றாலே குறைவு என்று பழகிய மாணவர் இங்கே சற்று நிற்க வேண்டியிருக்கும்.

இனி, 'பனி' என்னும் நம் சொல்லை எடுத்துக்கொள்வோம். இலையின்மேல் துளிர்க்கும் நீரும் பனி, கண்ணை மறைக்கும் புகைபோன்ற படலமும் பனி, வானிலிருந்து விழும் வெண்துகளும் பனி. நம் சூழலில் இதனால் இடையூறில்லை. ஆனால் குளிர்நாட்டு விமானிக்கு இவை மூன்று வெவ்வேறு இடர்கள். இறக்கையின்மேல் படியும் உறைபனி கிளைடரின் தூக்குவிசையைக் கெடுக்கும். இறங்கும் திடலில் மூடுபனி இருந்தால் தரை தெரியாது. பனிப்பொழிவு நிலத்தின் அடையாளங்களை மறைத்து, உயரத்தைக் கண்ணால் மதிப்பிடுவதைக் கடினமாக்கும். 'பனி இருக்கும்' என்று மட்டும் எழுதினால் விமானி எதற்கு ஆயத்தமாவார்? உறைபனி, மூடுபனி, பனிப்பொழிவு என அடைகொடுத்துப் பிரிக்கும் வழி தமிழில் ஏற்கெனவே உண்டு. அவ்வடையை விடாமல் எழுதும் ஒழுக்கமே தேவை.

'அலை' என்னும் சொல்லும் எச்சரிக்கையோடு கையாளத்தக்கது. கடலலையைக் கண்டு பழகிய நமக்கு அலை என்றால் வந்து மோதுவது. மலையலையோ நிற்பது. அதன் உச்சியில் உருவாகும் வில்லை முகிலும் மணிக்கணக்கில் ஓரிடத்திலேயே நிற்கும். முகில் அசையவில்லை என்பதால் காற்றும் அசையவில்லை என்று கருதுபவர், மணிக்கு 100 கிலோமீட்டர் வேகத்தில் ஓடும் காற்றுக்குள் நுழைந்துவிடுவார். அம்முகிலின் ஒரு புறத்தில் ஈரம் திரண்டு துளியாகிறது, மறுபுறத்தில் கரைகிறது. வடிவம் நிற்க, காற்று ஓடுகிறது.

ஒரு செய்தியில் தமிழ் மரபு வானிலையியலோடு இயல்பாகவே ஒத்துப்போகிறது. காற்று எங்கிருந்து வருகிறதோ அத்திசையால் அதனைப் பெயரிடுவது வானிலையியலின் வழக்கம். வடக்கிலிருந்து வருவது வாடை, தெற்கிலிருந்து வருவது தென்றல், கிழக்கிலிருந்து வருவது கொண்டல், மேற்கிலிருந்து வருவது கோடை என நம் முன்னோரும் புறப்படும் திசையாலேயே பெயரிட்டனர். இங்கே நாம் புதிதாகக் கற்க வேண்டியது ஒன்றுமில்லை.

4. தீர்க்கதரிசனம் அன்று, முன்னறிவிப்பு

வானிலையை முன்கூட்டிச் சொல்லும் பணிக்கு ஆங்கிலத்தில் இன்று வழங்கும் சொல்லை நிலைபெறச் செய்தவர் ராபர்ட் ஃபிட்ஸ்ராய். சார்லஸ் டார்வின் பயணம் செய்த பீகிள் கப்பலின் தலைவராக இருந்தவர் அவரே. 1861 ஆகஸ்ட் மாதத்தில் அவருடைய முன்னறிவிப்புகள் நாளேட்டில் வெளிவரத் தொடங்கின. தாம் தருவது தீர்க்கதரிசனமோ ஆரூடமோ அன்று என்றும், அளவீடுகளையும் கணக்கீட்டையும் கொண்டு அடைந்த கருத்தே என்றும் அவர் வலியுறுத்தினார். அந்த வேறுபாட்டுக்காகவே அச்சொல்லைத் தெரிந்தெடுத்தார்.

'கருத்து' என்பதை உன்னிப்பாகக் கவனியுங்கள். கருத்து என்றால் அதற்கு உறுதியின் அளவு உண்டு. அந்த அளவைச் சொல்லும் மொழி வேண்டும். இன்று விமான நிலையங்களுக்கான முன்னறிவிப்பில் இதற்கு அனைத்துலக விதியே இருக்கிறது. ஒரு நிகழ்ச்சிக்கான வாய்ப்பு 30 விழுக்காட்டுக்குக் குறைவாக இருந்தால் அதனைக் குறிப்பிடுவதில்லை. 30, 40 ஆகிய இரண்டு எண்களை மட்டுமே வாய்ப்பளவாக எழுதலாம். 50 விழுக்காடும் அதற்கு மேலும் எனில், வாய்ப்பு என்று கூறாமல் மாற்றமாகவே எழுத வேண்டும். 'டெம்போ' என்னும் குறி இட்டால், அந்நிலை ஒவ்வொரு முறையும் ஒரு மணி நேரத்துக்குள் முடியும் என்றும், மொத்தத்தில் குறிப்பிட்ட காலப்பகுதியின் பாதிக்கும் குறைவாகவே நீடிக்கும் என்றும் பொருள். 'அவ்வப்போது' என்னும் ஒரு சொல்லுக்கு இவ்வளவு வரையறை. எழுதுபவரும் படிப்பவரும் ஒரே பொருளைக் கொள்ள வேண்டும் என்பதற்காகவே இவ்விதிகள்.

5. வினைமுற்றில் தங்கும் இடர்

தமிழுக்கு வருவோம். 'காற்று வீசும்' என்னும் தொடரில் உள்ள '-உம்' ஈறு இரண்டு பணிகளைச் செய்கிறது. 'மாசியில் இம்மலையில் காற்று வீசும்' என்றால் அது வழக்கம். 'நாளை இம்மலையில் காற்று வீசும்' என்றால் அது முன்னறிவிப்பு. காலச்சொல் இல்லையென்றால் இரண்டையும் பிரித்தறிய முடியாது. மலையலைக்கு இது முக்கியம். 'பிற்பகலில் முகில் மூடும்' என்று எழுதினால், அது இந்நாளைப்பற்றிய கணிப்பா, அவ்விடத்தின் பொது இயல்பா? ஆதலால் '-உம்' ஈற்றோடு நாளும் நேரமும் சேர்ந்தே வர வேண்டும். உறுதி மிகுந்த செய்திக்கு மட்டுமே அவ்வீற்றைப் பயன்படுத்த வேண்டும்.

அடுத்தது '-லாம்'. இதுவே நம் உரையின் மையம். 'காற்று வலுக்கலாம்' என்றால் அது வாய்ப்பை மட்டுமே குறிக்கும். காற்றுக்கு எவரும் அனுமதி தருவதில்லை. 'விமானி 6,000 மீட்டர் வரை ஏறலாம்' என்று எழுதிப் பாருங்கள். ஏறுவதற்கு வாய்ப்பு இருக்கிறது என்பது ஒரு பொருள். ஏற அனுமதி உண்டு என்பது மற்றொரு பொருள். ஏறினால் நல்லது என்னும் பரிந்துரை மூன்றாவது பொருள். எழுதியவர் முதற்பொருளை எண்ணி எழுதியிருப்பார். ஆர்வம் மிக்க இளம் விமானி மூன்றாவதைப் படித்துக்கொள்வார். இருவருமே தமிழ் இலக்கணத்தை மீறவில்லை.

இதற்குத் தீர்வு எளிது. முன்னறிவிப்பில் எழுவாயாகக் காற்று இருக்கட்டும், விமானி வேண்டா. 'விமானி 6,000 மீட்டர் வரை ஏறலாம்' என்பதை 'எழுகாற்று 6,000 மீட்டர் வரை நிலவக்கூடும்' என்று மாற்றினால், அனுமதிப் பொருளும் பரிந்துரைப் பொருளும் தாமே விலகிவிடுகின்றன. ஏறுவதா வேண்டாவா என்னும் முடிவு யாருக்கு உரியதோ அவரிடமே தங்குகிறது. முன்னறிவிப்பாளர் வானத்தைப்பற்றிச் சொல்பவர். விமானியின் பயிற்சி, உயிர்வளிக் கருவியின் நிலை, அன்றைய உடல்நலம் ஆகியவற்றை அவர் அறியார். அறியாத ஒன்றுக்கு அனுமதி தரும் தோற்றத்தை அவருடைய வினைமுற்று உண்டாக்கலாகாது.

'-கூடும்' என்பதைத் தேர்ந்தெடுத்துவிட்டால் சிக்கல் முற்றிலும் தீர்ந்ததா? இல்லை. அதன் எதிர்மறையைப் பாருங்கள். 'சுழல் இருக்கக்கூடும்' என்பது வாய்ப்பு. 'சுழல் இருக்கக்கூடாது' என்பதோ வாய்ப்பின் மறுப்பு ஆகாது. அது விலக்காகவோ எழுதியவரின் விருப்பமாகவோ பொருள்படுகிறது. உடன்பாட்டில் வாய்ப்பாக இருப்பது எதிர்மறையில் தடையாக மாறிவிடுகிறது. எனவே எதிர்மறையை இரண்டாகப் பிரித்து எழுத வேண்டும். நிகழாமலும் போகலாம் என்பதற்கு 'சுழல் இல்லாமல் இருக்கக்கூடும்'. நிகழாது என்பதற்கு 'சுழலுக்கு வாய்ப்பில்லை'. இவ்விரண்டுக்கும் இடையே உள்ள தொலைவு, லாரி எட்கர் 1955இல் கண்ட தொலைவு.

'வேண்டும்' என்பதும் இருமுகம் கொண்டது. 'முகட்டில் காற்று வலுத்திருக்க வேண்டும்' என்னும் தொடர், அலை உருவாவதற்கான தேவையைச் சொல்கிறதா? அல்லது, இப்போது அங்கே வலுத்திருக்கும் என்று எழுதியவர் உய்த்துணர்வதைச் சொல்கிறதா? முன்னதற்கு 'அலை உருவாக வலுத்த காற்று தேவை' என்றும், பின்னதற்கு 'முகில்களின் வடிவைக் கொண்டு காற்று வலுத்துள்ளதாகக் கருதுகிறோம்' என்றும் எழுதினால் ஐயம் எழாது.

இறுதியாக, 'எதிர்பார்க்கப்படுகிறது', 'கணிக்கப்படுகிறது' என்னும் செயப்பாட்டு வினைகள். ஊடகத் தமிழில் இவை மலிந்துவிட்டன. யார் எதிர்பார்க்கிறார், எதைக் கொண்டு எதிர்பார்க்கிறார் என்பதை இவை மறைக்கின்றன. பேச்சுத் தமிழில் நமக்கு ஓர் அரிய கருவி உண்டு. 'காற்று வீசுது' என்பது கண்டது, 'காற்று வீசுதாம்' என்பது கேட்டது. கண்டதையும் கேட்டதையும் ஓர் ஈற்றால் பிரித்துவிடுகிறோம். எழுத்துத் தமிழிலும் முன்னறிவிப்பாளர் மூன்றைப் பிரிக்க வேண்டும்: அளந்தது, கணினி கணக்கிட்டது, தாம் மதிப்பிட்டது.

6. ஒரு மாதிரி

இக்கருத்துகளைச் செயலில் காட்ட, எடுத்துக்காட்டுக்காக ஒரு முன்னறிவிப்பை அமைத்துள்ளோம். பிப்ரவரி நடுப்பகுதியில் பிஷப் நகரின் பள்ளத்தாக்கில் ஒரு நாள் என்று கொள்க. எண்கள் நாம் கற்பனையாக வைத்தவை.

முதலில், வழக்கமாக எழுதப்படக்கூடிய வடிவம்: 'நாளை சியெரா பகுதியில் நல்ல அலை எதிர்பார்க்கப்படுகிறது. விமானிகள் 8,000 மீட்டர் வரை ஏறலாம். சில இடங்களில் சுழல் இருக்கலாம். பிற்பகலில் முகில் மூடும்.'

இப்போது திருத்திய வடிவம்: 'இன்று மாலை அளந்தபடி, மலைமுகட்டின் உயரத்தில் மேற்கு-தென்மேற்கிலிருந்து 30 நாட் வேகத்தில் காற்று வீசுகிறது. கணினிக் கணக்கீட்டின்படி, நாளை காலை 10 மணிக்கு 5,500 மீட்டர் உயரத்தில் அது 60 நாட் வேகத்தை எட்டும். அலை உருவாகும் என்பது எமது உறுதியான மதிப்பீடு. எழுகாற்று 8,000 மீட்டர் வரை நிலவக்கூடும். இவ்வுயரத்தைப்பற்றிய உறுதி நடுத்தரமானது. முகட்டுக்குக் கிழக்கே, அதன் உயரத்திலும் கீழும், நாள் முழுதும் கடும் உருளைச்சுழல் இருக்கும். மேற்கிலிருந்து ஈரம் வருகிறது. நண்பகல் 1 மணிக்கும் 3 மணிக்கும் இடையே முகில்களின் இடைவெளி மூடிக்கொள்ளும் வாய்ப்பு 40 விழுக்காடு. வில்லை முகில்கள் தடித்து ஒன்றோடொன்று சேரத் தொடங்குவது அதற்கான முதல் அடையாளம். பள்ளத்தாக்கின் தரையில், கதிரவன் மறையும் நேரத்துக்கு முன்பே மலைநிழல் படரும்.'

இரண்டாவது வடிவம் நீளமானதுதான். எனினும் அதில் ஒவ்வொரு வரிக்கும் வேலை இருக்கிறது. இடைவெளி மூடிக்கொள்ளும் செய்தியை எண்ணிப் பாருங்கள். 8,000 மீட்டர் உயரத்தில் வெயிலில் மிதக்கும் விமானியின் காலடியில் முகில் மூடிக்கொண்டால், முகிலுக்குள் மறைந்திருக்கும் மலைகளின் ஊடே அவர் இறங்க நேரும். கடைசி வரியும் அத்தகையதே. மேலே இருப்பவருக்கு வெளிச்சம் தெரியும், இறங்க வேண்டிய தரையோ இருண்டுகொண்டிருக்கும். எப்போது, எவ்வளவு உறுதியாக, எந்த அடையாளத்தோடு என்னும் மூன்று கேள்விகளுக்கும் விடை கிடைத்தால், விமானி தாமே முடிவெடுக்க வல்லவராகிறார். மேலே ஏறியபின் கண்முன் காண்பதைக் கொண்டு அம்முடிவை மாற்றிக்கொள்ளவும் வல்லவராகிறார்.

இம்மாதிரியில் புதிய கலைச்சொற்கள் மிகச் சில. உருளைச்சுழல், வில்லை முகில் போன்றவற்றை ஒரு முறை விளக்கினால் போதும். துல்லியத்தைத் தந்தவை 'வீசுகிறது', 'எட்டும்', 'நிலவக்கூடும்', 'இருக்கும்' என்னும் வினைமுற்றுகளே. அவை எல்லாம் நம் வீட்டுச் சொற்கள்.

7. வகுப்பறைக்கு

ஆசிரியர்களுக்கு ஒரு வேண்டுகோள். நம் மாணவர்கள் பனிமலைமேல் கிளைடர் ஓட்டப்போவதில்லை என்று நீங்கள் எண்ணலாம். ஆனால் அவர்கள் மருந்துக் குறிப்பு எழுதுவர், பாதுகாப்பு அறிவிப்பு எழுதுவர், முதியோருக்கு மருத்துவமனையில் மொழிபெயர்ப்பர். 'இம்மாத்திரையால் மயக்கம் வரலாம்', 'இம்மாத்திரையை வெறும் வயிற்றில் உண்ணலாம்' என்னும் இரு தொடர்களிலும் ஒரே '-லாம்' இருக்கிறது. ஒன்று எச்சரிக்கை, மற்றது அனுமதி. இவ்வேறுபாட்டை உணரும் மாணவர் எந்தத் துறைக்குச் சென்றாலும் பிறர் உயிருக்குப் பொறுப்பாக எழுதுவார்.

பயிற்சி எளியது. நாளேட்டில் வரும் வானிலைச் செய்தி ஒன்றை வகுப்புக்குக் கொண்டுவாருங்கள். வினைமுற்றுகளை மட்டும் அடிக்கோடிடச் சொல்லுங்கள். ஒவ்வொன்றும் உறுதியா, வாய்ப்பா, அனுமதியா, கேள்விப்பட்டதா என்று கேளுங்கள். பிறகு அதே செய்தியை மீனவருக்காகவும், பள்ளி விளையாட்டு நாளை நடத்தும் ஆசிரியருக்காகவும், கட்டுமானத் தளத்தில் பாரந்தூக்கி இயக்குபவருக்காகவும் தனித்தனியே எழுதச் சொல்லுங்கள். யாருக்கு எழுதுகிறோம் என்பது மாறும்போது எந்தெந்தச் செய்தி முன்னே வருகிறது என்பதை மாணவர்கள் தாமே கண்டுகொள்வர்.

தமிழால் அறிவியலைச் சொல்ல முடியுமா என்னும் கேள்வியைப் பல காலமாகக் கேட்டுவருகிறோம். சொற்கள் இருக்கின்றனவா என்று தேடியே அதற்கு விடை கூறிவந்தோம். குளிர்கால வானம் வேறொரு கேள்வியைக் கேட்கச் சொல்கிறது. நமக்கு எவ்வளவு தெரியும், எவ்வளவு தெரியாது என்பதைத் தமிழில் நேர்மையாகச் சொல்கிறோமா? அதற்கான ஈறுகள் நம் மொழியில் குறைவின்றி உள்ளன. அவற்றை அளந்து பயன்படுத்தும் பொறுப்பு எழுதுகின்ற நம் ஒவ்வொருவருக்கும் உரியது.